பனிமலைக்குப் பனியன் போதுமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் கேதார்கண்டா சிகரத்துக்கு நண்பர்கள் அழைக்கிறார்கள். நான் பார்த்த பனியெல்லாம் மார்கழியில் புல்நுனியில் இருந்ததுதான். துணிந்து போகலாமா?
(வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: பேஷாகப் போகலாம். உத்தராகண்டத்தின் உத்தரகாசி ஜில்லாவில் சுமார் 12,500 அடி உயரத்தில் நிற்கும் அந்தச் சிகரம், கயிறு கட்டித் தொங்காமல் கால்நடையாகவே ஏறக்கூடியதாயும், குளிர்காலத்திலும் பிரயாணிகளை ஏற்றுக்கொள்வதாயும் இருப்பதால், பனியில் முதல் அடி எடுத்துவைக்க விரும்புகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடங்கள் நம் தேசத்தில் வெகு சிலவே. டேராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் மோட்டாரில் சென்றால் ஸாங்க்ரி என்ற கிராமம் வரும். அங்கிருந்து பைன் மரங்களினூடே ஏறி, குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஜூடா கா தாலாப் என்ற ஏரியின் அருகே தங்கி, சிகரத்தின் அடிவாரத்தில் மற்றோர் இரவைக் கழித்து, விடியுமுன் புறப்பட்டால், சூரியன் எழுகிற வேளையில் ஸ்வர்க்காரோஹிணியும் பந்தர்பூஞ்ச்சும் கண்முன்னே நிற்கும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் இரண்டு டிகிரி குளிர் கூடும் என்பதையும், மேல் முகாமில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்குவதுண்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இன்றிலிருந்தே மாடிப்படி ஏறிப் பழகுங்கள்.

கேள்வி: இரண்டு பருத்திப் பனியன், அதன்மேல் இரண்டு சட்டை, அதற்கும் மேல் தலைதீபாவளிக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த தடித்த ஸ்வெட்டர், காதோடு குரங்குக் குல்லா! இத்தனையும் போதாதென்றால் வேறு எதைத்தான் அணிவது?
(பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

பதில்: மாமனாரின் ஸ்வெட்டர் அசல் கம்பளியாயிருந்தால் அதை முதலில் பெட்டியில் வையுங்கள்; குல்லாவையும் வையுங்கள்; பனியன்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல் உத்தமமான துணி கிடையாது. ஆனால் எந்தக் குணத்தினால் அது இங்கே நமக்குச் சிநேகிதனாயிருக்கிறதோ, அதே குணத்தினால்தான் அங்கே சத்துருவாகிறது. வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்வது அதன் சுபாவம். மண்பானையின் ஈரம் ஆவியாகி உள்ளிருக்கும் ஜலத்தைக் குளிர்விப்பதுபோல, நனைந்த பனியனும் மார்பின் உஷ்ணத்தை இடைவிடாமல் பறித்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, ஜலம் காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு அதிகமாக உஷ்ணத்தைக் கடத்தும். பனிமலையில் நமக்குப் பிரதான விரோதி ஈரம். குளிருக்கு இரண்டாம் ஸ்தானந்தான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத நான் தயார்.

எந்த ஆடையும் உஷ்ணத்தை உற்பத்தி செய்வதில்லை. உற்பத்தி செய்வது சரீரம், அது வெளியேறாமல் காப்பது மட்டுமே ஆடையின் வேலை. ஆகவே மேனியோடு ஒட்டி, வியர்வையை வெளியே தள்ளக்கூடிய மெல்லிய மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ ஒன்று; அதன்மேல் காற்றைத் தன் இழைகளுக்குள் பிடித்துவைக்கும் ஃப்ளீஸ் அல்லது உங்கள் மாமனாரின் அன்பளிப்பு; எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் பனியும் புகாத ஒரு மேலங்கி. இவற்றோடு, நடை நின்றவுடன் போட்டுக்கொள்வதற்கென்று வாத்திறகு அடைத்த கனத்த கோட்டு ஒன்றும் வேண்டும். 1922-ஆம் வருஷத்து எவரெஸ்ட் யாத்திரையில் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்பவர், ஆகாயக் கூண்டுக்கு உபயோகிக்கும் துணியில் வடகடல் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டை அணிந்துகொண்டு வந்தபோது, கம்பளியிலும் காபர்டீனிலும் பழகிய சகாக்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மலையின் குளிரோ ஃபிஞ்ச்சின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று, இன்று உயர்ந்த சிகரங்களுக்குப் போகிறவர்கள் அனைவரும் அந்தக் கோட்டின் சந்ததியைத்தான் அணிகிறார்கள். ஆனால் தூவி நனைந்தால் உப்பலெல்லாம் அடங்கிப் பிரயோஜனமற்றுப் போகுமாதலால், அதை அணிந்துகொண்டு வியர்க்க வியர்க்க ஏறுவது கூடாது.

வாங்குவதைவிடக் கடினம், இவற்றைக் கையாளுவது. புறப்படும்போது சற்றே குளிர வேண்டும்; பத்து நிமிஷ ஏற்றத்தில் அந்தக் குளிர் தானே போய்விடும். வியர்ப்பதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். இளைப்பாற நின்றால், குளிரத் தொடங்கும்வரை காத்திராமல் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட்டு, கழற்றாமலும் போடாமலும் நடக்கிறவர்கள்தாம் மாலையில் கூடாரத்தில் பல் கிட்டி நடுங்குகிறார்கள். இரவுக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த காலுறையைத் தனியே கட்டி வைத்து, என்ன நேர்ந்தாலும் பகலில் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: புதுக் காலணி வாங்கியாயிற்று. அழுக்காகாமல் பெட்டியோடு கொண்டுபோய் ஸாங்க்ரியில் பிரிக்கலாம் என்றிருக்கிறேன். குளிருக்கு இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டால் சரிதானே?
(கல்லூரி மாணவி, கோவை)

பதில்: அம்மணி, இன்றைக்கே பிரித்து, தினமும் அணிந்து நடந்து, நன்றாக அழுக்காக்குங்கள். பழகாத காலணி முதல் நாளிலேயே குதிகாலைக் கொப்புளமாக்கிவிடும். கணுக்காலை மூடுகிற உயரமும், நீர் புகாத தன்மையும், ஆழமான பற்கள் கொண்ட அடித்தோலும், உள்ளே விரல்களை அசைக்கத் தாராளமான இடமும் அதற்கு வேண்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் ரத்த ஓட்டம் குன்றி, ஒற்றைக் காலுறையில் இருப்பதைவிட விரல்கள் அதிகமாகவே விறைக்கும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போதும்.

பனி எப்போதும் ஒரே மாதிரி இராது. விடியற்காலையில் கல்லாய் இறுகி வழுக்கும். அதற்கு, ரப்பர் வளையத்தில் சங்கிலியும் எஃகுப் பற்களும் கோத்த மைக்ரோஸ்பைக்கைக் காலணியின்மேல் இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். வழுக்குகிற சரிவு வருவதற்கு முன்பே, சமதரையில் உட்கார்ந்து மாட்டுவது உசிதம். வெயில் ஏறியதும் அதே பனி இளகி முழங்கால்வரை உள்வாங்கும். அப்போது காலணி வாயினுள் பனி புகாமல் காப்பது, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றிக் கட்டும் கெய்ட்டர் என்ற உறை. அதன் கொக்கியைக் காலணிக் கயிற்றில் மாட்ட மறந்தால், நாலடி நடப்பதற்குள் உறை மேலேறிவிடும்.

கேள்வி: பனியில் கறுப்புக் கண்ணாடி எதற்கு? போட்டோவுக்கா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: போட்டோவுக்கும் நன்றாயிருக்கும், கண்ணுக்கு அது அத்தியாவசியம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரையில் திருப்பி அனுப்புமாதலால், ஒரே பகலில் கண்ணின் முன்புறப் படலம் வெந்து, இரவில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தி, திறக்கவும் முடியாமற்போகும். பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடியாக வாங்குங்கள். வெயில் கீழிருந்தும் வருமாகையால், முகத்துக்குப் பூசும் களிம்பை மோவாயின் அடியிலும் மூக்கின் கீழும் பூச மறவாதீர்கள்.

கேள்வி: ஒரு மடக்கு பிராந்தி உள்ளே போனால் உடம்பு சூடாகும் என்கிறானே நண்பன்?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: சூடானதுபோல் தோன்றும், அவ்வளவே. மது தோலின் ரத்தக் குழாய்களை விரிப்பதால், உள்ளே இதயத்தருகில் இருக்க வேண்டிய உஷ்ணம் தோலுக்கு வந்து காற்றோடு போய்விடுகிறது. நண்பரிடம் வெல்லமும் வேர்க்கடலையும் கொடுத்து, சுக்குக் காப்பி போட்டுத் தரச் சொல்லுங்கள். தாகம் தோன்றாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். ஜலம் மேற்புறத்திலிருந்தே உறையத் தொடங்குமாகையால், புட்டியைத் தலைகீழாக வைத்தால் மூடிப்பக்கம் அடைபடாது.

கேள்வி: என் மகன் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கு இரவில் உறக்கம் இல்லை. என்ன சொல்லி அனுப்புவது?
(ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது, ஆனால் அதைக் குளிரின்மேல் வைக்காமல் உயரத்தின்மேல் வையுங்கள். எட்டாயிரம் அடிக்கு மேல், காற்றின் அழுத்தம் குறையக் குறைய, பலசாலிக்கும் தலைவலியும் குமட்டலும் வரலாம். சிகரத்தில் அவ்வழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தலைவலி கண்டால் மறைக்காமல் வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். தீருகிறவரையில் மேலே ஏறக் கூடாது. பேச்சுக் குழறினாலோ, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, இரவென்றும் பாராமல் அப்போதே இறங்கியாக வேண்டும். விரல் வெளுத்து உணர்ச்சி குன்றினால், பனியால் தேய்க்காமல் அக்குளில் வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள். சிகரத்துக்கு ஐந்நூறு அடி கீழே திரும்பி வந்தாலும் அவனை நீங்கள் மெச்சிக்கொள்வீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே அவன் காதில் போட்டுவிடுங்கள். ஏறாமல் வந்தால் வீட்டில் ஏளனம் செய்வார்களோ என்ற எண்ணமே வாலிபர்களை இறங்கவேண்டிய நேரத்தில் ஏறச் செய்கிறது. ஸாங்க்ரிக்கு மேலே டெலிபோன் பெரும்பாலும் எட்டாது. ஆகவே எந்தத் தேதியில் திரும்பிப் பேசுவான் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, இடைப்பட்ட நாட்களில் செய்தி இல்லையே என்று கலங்காதிருங்கள்.

கேள்வி: இத்தனையும் விலைக்கு வாங்கினால் சம்பளம் போய்விடுமே!
(குமாஸ்தா, சேலம்)

பதில்: வாங்க வேண்டாம். கனத்த கோட்டும், கெய்ட்டரும், மைக்ரோஸ்பைக்கும், ஊன்றுகோலும் ஸாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கோட்டின் ஜிப்பையும் ஸ்பைக்கின் சங்கிலியையும் கடையிலேயே இழுத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளாடை, காலுறை, கையுறை இவற்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வது சுகாதாரம். கையிருப்பு எவ்வளவு குறைவாயிருந்தாலும் அதில் பெரும்பங்கைக் காலணிக்கே செலவிடுங்கள். மற்றொருவர் பாதத்துக்குப் பழகிய காலணியை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.