இரண்டு நாளில் ஒரு புதிர்

கேள்வி: கேம் ஜாம் என்பது போட்டியா, பயிற்சியா, திருவிழாவா?

மூன்றும்தான். குறித்த நேரத்துக்குள், கொடுத்த கருப்பொருளில், ஒரு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். 2002 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஓக்லந்தில் கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரட் முதலிய புரோகிராமர்கள் நான்கு நாள் கூடி உட்கார்ந்து விளையாட்டுகள் செய்தார்கள். கேம் ஜாம் என்ற பெயர் பரவியது அங்கிருந்துதான். அதே ஆண்டில் இணையத்தில் லுடும் டாரே தொடங்கியது. அங்கே தனியாகச் செய்பவருக்கு 48 மணி நேரம், குழுவுக்கு 72 என்பது வழக்கம். 2009-ல் குளோபல் கேம் ஜாம் வந்தது. ஜனவரியில் உலகின் பல ஊர்களில் ஆட்கள் நேரிலேயே கூடிச் செய்வார்கள்.

கேள்வி: நான் இதுவரை எதையும் செய்ததில்லை. முதல் ஜாமுக்குப் புதிர் விளையாட்டு சரிப்படுமா?

தாராளமாக. ஓடிக் குதிக்கும் விளையாட்டில் குதிக்கும் உயரம், விழும் வேகம், எதிரியின் சுறுசுறுப்பு எல்லாம் கைக்கு இதமாக அமைய வேண்டும். அதற்கே இரண்டு நாளும் போய்விடும். கட்டம் போட்ட புதிரில் அந்தக் கவலை இல்லை. ஒரு விசைக்கு ஒரு நகர்வு. மிச்ச நேரமெல்லாம் யோசனைக்கு.

ஆனால் விதிகளை அடுக்காதீர்கள். ஹிரோயுகி இமாபயாஷி 1981-ல் ஜப்பானில் உருவாக்கிய சோகோபானைப் பாருங்கள். கிடங்கில் ஓர் ஆள், சில பெட்டிகள், அவற்றைக் கொண்டு சேர்க்க வேண்டிய இடங்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ளலாம். அந்த ‘இழுக்க முடியாது’தான் விளையாட்டின் உயிர். பெட்டி மூலையில் மாட்டினால் மீட்பில்லை. சுவரோடு ஒட்டிவிட்டால் அந்தச் சுவரை விட்டு வராது. இவற்றை யாரும் தனி விதிகளாக எழுதி வைக்கவில்லை. ஒரு மறுப்பிலிருந்து தாமாக முளைத்தவை. கணினிக்கே மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்றில் சோகோபான் சேர்கிறது என்று 1997-ல் ஜோசப் கல்பர்சன் நிறுவினார். அப்படிப்பட்ட ஒரே ஒரு விதியைத் தேடுங்கள். இரண்டாவது விதி மனதில் தோன்றினால் அதை அடுத்த ஜாமுக்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி: சோகோபானையே கொஞ்சம் மாற்றினால் காப்பி என்று சொல்ல மாட்டார்களா?

எந்தக் ‘கொஞ்சம்’ என்பதைப் பொறுத்தது. பெட்டிக்குப் பதில் பூசணிக்காய் வரைந்தால் காப்பி. 2015-ல் ஆலன் ஹேஸல்டனும் பெஞ்சமின் டேவிஸும் வெளியிட்ட பனிமனிதன் விளையாட்டில் தள்ளப்படுவது பனி உருண்டை. பனி கிடக்கும் கட்டத்தில் உருட்டினால் அது பெரிதாகும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இப்போது தள்ளுவதற்கு வழி இருந்தால் மட்டும் போதாது, எந்த வழியாகத் தள்ளினோம் என்பதும் முக்கியமாகிவிடுகிறது. ஒரே மாற்றத்தில் ஆட்டமே வேறாகிவிட்டது பாருங்கள்.

கேள்வி: கருப்பொருளை அறிவித்ததும் தலை காலியாகிவிடுமே?

முதலில் தோன்றுவது எல்லோருக்கும் தோன்றும். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். 2017 நார்டிக் கேம் ஜாமின் கருப்பொருள் ‘அங்கே இல்லை’ என்பது. காணாமல் போன பொருள், கண்ணுக்குத் தெரியாத சுவர் என்று எத்தனையோ செய்யலாம். ஃபின்லாந்தின் அர்வி டெய்கரி ‘இல்லை’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டார். விதிகளையே சொற்களாக எழுதி, அந்தச் சொற்களைப் பெட்டிகள் போலத் தள்ள விட்டால்? ‘சுவர் தடுக்கும்’ என்ற வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லை நகர்த்தினால் சுவர் தடுக்காது. அதுதான் பாபா இஸ் யூ. அந்த ஜாமில் வென்று, 2019 மார்ச்சில் இருநூறுக்கும் மேற்பட்ட புதிர்களோடு முழு விளையாட்டாக வந்தது. முளைத்தது என்னவோ ஒரு வார இறுதியில்தான்.

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன். கோடிங் அரைகுறை. என்னால் முடியுமா?

முடியும். ஸ்டீபன் லாவெல் 2013-ல் வெளியிட்ட பசில்ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். ‘ஆள் பெட்டியை நோக்கி நகர்ந்தால் பெட்டியும் அதே திசையில் நகரட்டும்’ என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். படங்கள் ஐந்துக்கு ஐந்து புள்ளிகள்தான், அதனால் வரைவதிலும் நேரம் போகாது. ஜாமுக்கு முந்தைய வாரமே அதில் ஒரு பெட்டியைத் தள்ளிப் பழகிவிடுங்கள். கருவியைக் கற்பதையும் விளையாட்டைச் செய்வதையும் ஒரே வார இறுதியில் வைத்துக்கொண்டால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

கேள்வி: அன்டூ, அதாவது செய்த நகர்வைத் திரும்பப் பெறும் வசதி, அவசியமா?

அவசியம். பசில்ஸ்கிரிப்டில் தானாகவே இருக்கும். வேறு கருவியில் செய்தால், முதல் லெவலுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு வரையவும் வராது, இசையும் வராது.

1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்நவ் டெட்ரிஸை எழுதிய எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் காட்டும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகள் செய்தார். நீங்கள் வண்ணச் சதுரங்களில் தொடங்குங்கள். நேரம் மிஞ்சினால் கென்னி தளத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்கள் குவிந்திருக்கின்றன. சத்தத்துக்கு எஸ்எஃப்எக்ஸ்ஆர்; ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு சத்தம் பிறக்கும். 2007-ல் ஒரு லுடும் டாரேக்காகவே செய்யப்பட்ட கருவி அது.

கேள்வி: எத்தனை லெவல்? எப்படி யோசிப்பது?

ஆறு போதும். எட்டு இருந்தால் நிறைவு. முப்பது லெவல் செய்தால் இருபத்தைந்து ஒரே மாதிரி இருக்கும்.

யோசிக்கும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். சுவர்களையும் பெட்டிகளையும் தூவிவிட்டு ‘கஷ்டமாக இருக்கிறதா?’ என்று பார்ப்பார்கள். வருவது புதிர் அல்ல, அலைச்சல். மாறாக, விதியைத் திறந்த கட்டத்தில் வைத்து நீங்களே அரை மணி நேரம் விளையாடுங்கள். ‘அட, இப்படியும் ஆகுமா!’ என்று நீங்களே நிமிர்ந்து உட்காரும் தருணம் ஒன்று வரும். குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தருணத்தைத் தவிர வேறு வழியே இல்லாதபடி சுவர்களை நெருக்குங்கள். அதுதான் லெவல்.

பிறகு கழித்தல். இந்தச் சுவர் இல்லாவிட்டாலும் புதிர் நிற்குமா? எடுத்துவிடுங்கள். இந்தப் பெட்டியைத் தொடாமலேயே முடிக்க முடிகிறதா? அதையும் எடுங்கள். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடங்குவதைப் பத்துக்குப் பத்தில் வைத்தால், ஆடுபவர் யோசிப்பதை விட்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். முதல் லெவல் விதியைக் காட்டட்டும், இரண்டாவது லெவல் அதன் தடையைக் காட்டட்டும். வியப்பு மூன்றாவதிலிருந்து வரலாம். எழுதிய விளக்கத்தைப் படித்துவிட்டு விளையாட வருபவர் மிகக் குறைவு.

கேள்வி: எனக்கு எளிதாகத் தெரிகிறது, அக்காவால் இரண்டாவது லெவலையே தாண்ட முடியவில்லை. யார் சொல்வது சரி?

அக்கா. விடையோடு புதிரைச் செய்தவர் நீங்கள். அதன் கடினம் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அடுத்த முறை அக்கா ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காதீர்கள். எங்கே நின்றார், எதைத் தவறாக நம்பினார் என்று மட்டும் பாருங்கள். சொல்லிக் கொடுக்க நாக்கு துறுதுறுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு லெவல் திருத்தம் காத்திருக்கிறது.

கேள்வி: ஆடுபுலி ஆட்டத்தை ஜாமில் செய்யலாமா?

அருமையான ஆசை. ஆனால் அது இருவர் ஆட்டம். கணினியை எதிராளியாக ஆட வைக்க நினைத்தால் இரண்டு நாள் பற்றாது. அதைப் புதிராக மாற்றுங்கள். புலிக்கு மூளை வேண்டாம், குணம் மட்டும் போதும்: வெட்ட ஆடு கிடைத்தால் உடனே தாவி வெட்டும், கிடைக்காவிட்டால் அசையாது. இப்போது ஆட்டக்காரர் முன் வேறொரு கேள்வி நிற்கிறது. எந்த ஆட்டைக் கொடுத்துப் புலியை எந்தப் புள்ளிக்கு இழுத்து வருவது, மிச்ச ஆடுகளால் எப்படி அடைப்பது? முழுப் பலகையின் மூன்று புலி, பதினைந்து ஆடு எல்லாம் வேண்டாம். ஒரு புலி, நான்கு ஆடு, சில கோடுகள். நம் திண்ணைகளில் கீறிக் கிடக்கும் அந்தக் கோடுகளுக்குள் இன்னும் எத்தனையோ புதிர்கள் இருக்கின்றன. யாராவது செய்தால் முதல் ஆளாக நான் ஆட வருவேன்.

கேள்வி: விளையாட்டில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது, ஏன்?

‘கொ’ என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும். அந்த வேலை தெரியாத எஞ்சினில் எழுத்து சிதறிவிடும். 2023-ல் வந்த கோடோ எஞ்சினின் நான்காம் பதிப்பு இதைச் சரியாகச் செய்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிரவுசருக்காக ஏற்றுமதி செய்யும்போது கணினியில் உள்ள எழுத்துரு கைகொடுக்காது, வெறும் கட்டங்கள்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை விளையாட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். இவ்வளவு செய்து தமிழில் ஒரு புதிர் வந்தால், அந்த உழைப்பு வீண் அல்ல.

கேள்வி: நான்கு நண்பர்கள் சேர்ந்து செய்யலாமா?

இருவர் போதும்: விதிக்கு ஒருவர், லெவலுக்கு ஒருவர். மற்ற இருவரும் விளையாடிப் பார்க்கட்டும்.

கேள்வி: நேரம் முடியப் போகிறது, பாதி லெவல்தான் தயார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மூன்று நல்ல லெவல் இருந்தால் அந்த மூன்றோடு ஏற்றுங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இட்ச் தளத்தில் பிரவுசரிலேயே ஓடும்படி ஏற்றுங்கள். டவுன்லோடு செய்யச் சொன்னால் பலர் திரும்பிப் போய்விடுவார்கள். ஏற்றிய பிறகு வேறொருவர் கணினியில் திறந்து முதல் லெவலிலிருந்து கடைசி லெவல் வரை ஒரு முறை ஆடிப் பாருங்கள். எந்த விசை நகர்த்தும், எது அன்டூ, எது ரீஸ்டார்ட் என்று பக்கத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.