உதைத்தால் வருவது உண்மையா?

தன்னைச் சித்திரவதை செய்தவனை ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தால் ஒரு பழைய சிப்பாய் என்ன செய்வார்?

கொல்லும் எண்ணத்தில்தான் இருந்தார் எரிக் லோமாக்ஸ். 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் அதிகாரி, ரயில் பைத்தியம். கைதிகளை வைத்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை முகாமில் ரகசிய ரேடியோவும், அவர் வரைந்த ரயில்பாதைப் படமும் அகப்பட, அடித்து, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் விட்டு விசாரித்தார்கள். அடித்தவர்களைவிட, பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த நாகாசே மேல்தான் அவருக்கு ஆத்திரம். (திட்டு புரிந்ததே அவரால்தானே!) 1993இல் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் சந்தித்தார்கள். நாகாசே மன்னிப்புக் கேட்டார். கடைசிவரை நண்பர்கள்.

அதே பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தமிழர்களிடம் மன்னிப்புக் கேட்க யார் போனார்கள்?

கைதி சொல்வதை நம்பலாமா?

அவன் நகக்கண்ணில் ஊசி இல்லாதபோது தாராளமாக.

அடிக்காமல் உண்மையைக் கறக்கவே முடியாதா, சார்?

ஹான்ஸ் ஷார்ஃப் கறந்தாரே! ஹிட்லரின் விமானப்படை விசாரணையாளர். பிடிபட்ட அமெரிக்க விமானிகளோடு காட்டுப்பக்கம் உலாவப் போவார். எல்லாம் தெரிந்தவர்போல் பேசுவார். இவர்களும் பேச்சுவாக்கில் உளறிவிடுவார்கள். போருக்குப்பின் அமெரிக்காவிலேயே குடியேறி மொசைக் கலைஞரானார். புளோரிடா டிஸ்னி வேர்ல்டில் சிண்ட்ரெல்லா கோட்டைச் சுவரை ரசித்திருக்கிறீர்களா? அவர் பட்டறை வேலைதான்.