மிக்சர் ஜன்னல் அதிகாரிகளுக்கு வலையபட்டியிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: கோயில் மேளம், கல்யாண மேளம் பதிவுசெய்து பிழைக்கும் ஒலிப்பதிவாளர் ஒருவர், வலையபட்டி, செட்டிநாடு.

பெறுநர்: இசை மென்பொருள்களின் மிக்சர் ஜன்னலை வரைந்தருளும் மாட்சிமை பொருந்திய வடிவமைப்பாளர்கள், முகாம்: பெர்லின், ஹாம்பர்க், பெல்ஜியம், கலிபோர்னியா.

பொருள்: தவிலின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகை கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

மனுதாரர் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்: வலையபட்டி என்ற பெயர் தங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்க வாய்ப்பில்லை. தவில் கேட்கிறவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையும் இல்லை. தவில் வித்வான் வலையபட்டி ஏ.ஆர்.சுப்பிரமணியத்துக்குச் சென்னை மியூசிக் அகாதெமி 2009-இல் சங்கீத கலாநிதி வழங்கியது. அதற்கும் முன்பே, 2007-இல் வெளிவந்த ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த பாட்டின் பல்லவியில் ஊர்ப் பெயரோடு தவில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அகாதெமி மேடையிலும் சினிமாவிலும் இடம் கிடைத்த வாத்தியத்துக்குத் தங்கள் மிக்சர் ஜன்னலில்தான் இடம் போதவில்லை.

நடப்பது இதுதான். தவிலுக்கு இரண்டு முகம். வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிய கை வாசிக்கும். தொப்பியைக் கழி வாசிக்கும். ஒன்றில் சொல் தெறிக்கும், மற்றதில் அடி அதிரும். ஆகவே முகத்துக்கொரு மைக், முகத்துக்கொரு ட்ராக். இரண்டு தவில் என்றால் நாலு. நாதஸ்வரம் இரண்டு, தாளம், சுருதிப் பெட்டி, கோயில் பிராகாரத்தின் எதிரொலிக்கு இரண்டு. மொத்தம் பத்து. மனுதாரர் பொறுப்பாக “தவில் 1 வலந்தலை”, “தவில் 1 தொப்பி” என்று பெயர் எழுதுகிறார். தங்கள் ஜன்னலோ, “தவில் 1…”, “தவில் 1…” என்று இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுத் தருகிறது. யார் யார் என்று கண்டுபிடிக்க, ஒரு ட்ராக்கை மட்டும் ஒலிக்கவிடும் சோலோ பொத்தானை அழுத்தி, காதாலேயே அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டியிருக்கிறது. சில பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்து நிற்கும். அந்த வம்பே வேண்டாம் என்று ஆங்கில எழுத்தில் தட்டி வைக்கிறவர்களே அதிகம்.

பெயரை இப்படி வெட்டும், ட்ராக்குக்கு ஒன்றான இந்த ஒடுக்கமான பட்டைகள் எங்கிருந்து வந்தன? ஸ்டூடியோ கன்சோலிலிருந்து. நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் டாம் டவுட், 1950-களில், ஒலி அளவுக்குத் திருகும் குமிழ்களை எடுத்துவிட்டு மேலும் கீழும் நகரும் ஃபேடர்களை வைத்தார். காரணம் கை. நெருக்கி வைத்த நேர் ஃபேடர் என்றால் ஒரே கையால் நாலைந்தைச் சேர்த்து நகர்த்தலாம். தாங்கள் அந்தப் பலகையை அப்படியே திரையில் வரைந்தீர்கள். கையை மட்டும் மறந்துவிட்டீர்கள். மவுஸுக்கு ஒரே விரல். பத்து விரலுக்காக ஒடுக்கிய பட்டையை ஒரு விரல்காரர் ஏன் சுமக்க வேண்டும்?

கணக்கும் பார்த்துவிடலாம். 1366 புள்ளி அகலமுள்ள சாதாரண லேப்டாப்பில், ஒரு பட்டைக்கு 80 புள்ளி என்றால் 17 பட்டை தெரியும். மேளத்துக்கு அது போதும். சினிமாப் பாட்டுக்கு நூறு ட்ராக் சர்வசாதாரணம், எஃப்.எல். ஸ்டூடியோ என்ற மென்பொருளின் மிக்சரில் நெடுங்காலம் 125 இன்சர்ட் ட்ராக்குகள் இருந்தன. அதில் கோரஸைத் தேடிப் போகிறவர் தாளத்தைத் தாண்டி, வயலினைத் தாண்டி, ஸ்க்ரோல் செய்தபடியே பாதயாத்திரை போய்த் திரும்ப வேண்டும். ஃபேடரின் உயரம் தனிக் கொடுமை. சுழியம் டெசிபலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி நகர்ந்தால் சத்தம் இம்மியளவு மாறும். அடியில் அதே ஒரு புள்ளிக்குச் சுருதிப் பெட்டி இருந்த இடம் தெரியாமல் போகும். ஷிஃப்டையோ கன்ட்ரோலையோ அழுத்திக்கொண்டு இழுத்தால் நுணுக்கமாக நகரும் என்ற ரகசியத்தை ஜன்னலில் எங்கும் எழுதிவைக்கவில்லை.

காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு ஒன்று இருக்கிறது. அங்கேகூட எந்த ஜன்னல் எந்த அறைக்கு என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்துக்கு ஒலிப்பதிவு புதிதும் இல்லை. ஏ.வி.மெய்யப்பன் 1946-இல் காரைக்குடிக்கு வந்து ஸ்டூடியோ போட்டார்; 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவான படம். 1948-இல்தான் அவருடைய ஏவி.எம். கோடம்பாக்கம் போனது. பாட்டுக்காரரையும் வாத்தியக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பதிவுசெய்த காலம் அது. தவில் மிஞ்சினால் வித்வானை நாலு அடி பின்னால் தள்ளி உட்காரச் சொல்வதுதான் மிக்சிங். அந்த மிக்சரில் யார் எங்கே என்று ஒருவரும் தேடியதில்லை. தலையைத் திருப்பினால் தெரிவார்கள்.

வழி இல்லாமலும் இல்லை. ரீப்பர் மென்பொருளில் பட்டைகளை ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையாக அடுக்கலாம், குடும்பமாகச் சேர்த்து மடக்கலாம். கியூபேஸில் வேண்டிய சேனலை ஓரத்தில் நகராமல் நிறுத்தலாம். ஏபிள்டன் லைவ் 2001-இல் வந்தது. பாட்டை நீளவாக்கில் அடுக்கும் ஜன்னலிலேயே முழு மிக்சரையும் காட்ட 2024-இல் மனம் வைத்தது, 12-ஆம் பதிப்பில். இருபத்துமூன்று வருஷம் என்பது அரசாங்க ஆபீஸுக்கே கொஞ்சம் அதிகம். இருக்கிற வசதிகளும் மூன்றாவது மெனுவுக்குள் நாலாவது டிக் மார்க்காக ஒளிந்திருக்கின்றன. புதிதாகக் கற்கும் பையன் அங்கே போகவே மாட்டான். அவன் பார்ப்பது தாங்கள் முதலில் திறந்துவைக்கும் ஜன்னலைத்தான்.

ஆகவே, பெயர் நீளமானால் இரண்டு வரியாக மடியும்படியும், தமிழில் எழுதினால் தமிழாகவே தெரியும்படியும், மேளம் உட்காருகிற மாதிரி ட்ராக்குகள் குடும்பமாகச் சேர்ந்து நிற்கும்படியும் செய்து, இவற்றை மென்பொருள் திறந்த உடனேயே கண்ணில் படும்படி வைக்க ஆவன செய்யுமாறு மனுதாரர் வேண்டுகிறார். பளபளக்கும் புதுத் தோல், மரக்கட்டை மாதிரி ஓரம், ஒளிவிடும் குமிழ் எதுவும் அவர் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மனுதாரர், வலையபட்டி.

இணைப்பு: மேற்படி மேளத்தின் ஒலிக்கோப்பு, பத்து ட்ராக், பெயர்கள் தமிழில். தங்கள் மென்பொருளில் திறந்து பார்த்து, எத்தனை பெயர் முழுதாகத் தெரிகிறது என்று எண்ணி மறு தபாலில் தெரிவிக்கவும்.