யாஷிகாவுக்கு ஒரு சட்டை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கேமராவின் தோல் சரியில்லை என்றேன்.

நியாயமாகச் சொன்னால் தோல் சரியில்லைதான். மாமா எண்பதுகளில் துபாயிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எஃப்எக்ஸ்-3 அது. 1979-இல் வந்த மாடல். யாஷிகா பெயரில் விற்றாலும் செய்துகொடுத்தது கொசினா என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம். பேட்டரி செத்துப்போனாலும் ஷட்டர் விழும். ஒளி அளக்க மட்டும்தான் பேட்டரி வேண்டும். மாமா ஆசையாகக் கொடுத்ததை வாங்கிப் பரண்மேல் பழைய கம்பளிக்கு அடியில் செருகி, சென்னைப் புழுக்கத்துக்குப் பலி கொடுத்தவன் நான். பல வருஷம் கழித்து எடுத்தபோது கறுப்பு ரெக்சின் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினால் மூக்கிலும் கன்னத்திலும் கரி. ஒரு சீமந்தத்தில் ஃபிலிம் ரோல் இல்லாமலே நாலு தரம் குறிபார்த்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்ற வந்த பெரியம்மா, "யாருடா உனக்குத் திருஷ்டிப் பொட்டு வச்சது?" என்றார்.

உடனே செய்யவேண்டியது ஒரு ரோல் வாங்கி மாட்டி ஊர் சுற்றுவது. ரோல் விலை கேட்டதும் எனக்குக் கேமராவின் அழகைப் பற்றிய கவலை வந்துவிட்டது. படம் எடுக்காமலிருக்க இதைவிட மரியாதையான சாக்கு கிடையாது.

மனைவியிடம் சரித்திர ஆதாரங்களோடு வாதாடினேன். 1954-இல் வந்த லைக்கா எம்3-க்கே மேலே போர்த்தியிருந்தது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வயதானால் அதுவும் சில்லுச் சில்லாகப் பெயரும். பழைய ஸைஸ் இக்கான் கேமராக்களில் தோலுக்கு அடியிலிருக்கும் உலோகம் களிம்பேறி, மேலே பரு மாதிரிப் புடைத்துக்கொள்ளும். உடை மாற்றுவதும் புதிதல்ல. 1972-இல் போலராய்டு எஸ்எக்ஸ்-70-ஐப் பழுப்புத் தோலோடுதான் விற்றார்கள். அதற்கும் முன்னால், 1929 வாக்கில், லைட்ஸ் கம்பெனி தங்க முலாம் பூசி, பல்லித்தோல் ஒட்டி, லக்ஸஸ் என்றே பெயர் வைத்து லைக்கா விற்றது.

அவள் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் காதில் வாங்கினாள். "பல்லி கையில பட்டா என்ன பலன்னு காலண்டர்ல பாத்துட்டு ஒட்டுங்க."

பல்லி வேண்டாமென்று பெரியமேட்டுக்குப் போனேன். தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். கடைக்காரர் சதுர அடிக் கணக்கில் பேச, நான் விரல் நீளத்தில் பேசினேன்.

"ஷூவுக்கா சார், பைக்கா?"

"கேமராவுக்கு, பாய்."

"கேமரா பைக்கா?"

"பைக்கு இல்ல பாய், கேமராவுக்கே."

அவர் என்னை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டு, "எத்தனை எம்எம்?" என்றார். அங்கேதான் மாட்டினேன். கேமராவின் மேனியில் ரெக்சின் உட்காரும் பள்ளம் அரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். காலணிக்கு உள்ளே வைக்கிற ஆட்டுத்தோல் லைனிங் போதும். அவர் எடுத்துக் காட்டியதும் அதைத்தான். எனக்கோ கையில் கனமாக இருந்தால்தான் தோல் என்ற எண்ணம். மாட்டுத்தோலாகக் கேட்டு வாங்கினேன், 1.2 மில்லிமீட்டர். அதிலும் ஆவாரம் பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த பழைய மதராஸ் முறைத் தோல், ஈ.ஐ. லெதர் என்று புவிசார் குறியீடு பெற்றது. நம்ம ஊர் ஆவாரம்பூச் செடி ஜப்பான் கேமராவில் ஏறப்போகிறது என்ற பெருமையில் பேரம்கூடப் பேசவில்லை.

பழைய ரெக்சினை எடுப்பது எளிது, பாதி தானாகவே விழுந்துவிட்டது. அடியிலிருந்த பிசினை ஸ்பிரிட் தொட்டுப் பொறுமையாகத் துடைத்திருக்கலாம். வீட்டில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் இருந்தது, அசிட்டோன். பிசின் போயிற்று. கூடவே முகப்பில் ஆங்கிலத்தில் இருந்த பெயரின் முதல் எழுத்தும் போயிற்று. அன்று முதல் அது ஆஷிகா.

அடுத்து அச்சு வெட்டுவது. முழு ரெக்சின் கையிலிருந்தால் அதையே தோல்மேல் வைத்துக் கீறலாம். என்னுடையது முறத்தில் அள்ளும் நிலையில் இருந்ததால் டிரேசிங் தாளில் அளவெடுத்தேன். லென்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு. ஒன்றில் செல்ஃப் டைமர் லீவருக்கு ஓட்டை. தோலின் நல்ல பக்கத்தில் பேனா படக்கூடாதே என்று பின்பக்கம் வரைந்து வெட்டினேன். பின்பக்கம் வரைந்ததைத் திருப்பினால் இடது வலதாகும் என்பது ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவருக்குத் தெரியும், ஜாக்கெட் தைக்கிறவருக்குத் தெரியும். லீவர் இல்லாத பக்கத்தில் லீவருக்கு அழகான ஓட்டை. பின்கதவுத் துண்டு வெறும் செவ்வகம் என்பதால் பிழைத்தது.

மறுபடி வெட்டிய துண்டு வளைவில் படியவில்லை. பட்டைத் தோலை நனைத்தால் சொன்னபடி வளையும் என்று தெரியும். நனைத்து, கேமராமேல் படியவைத்து, ஆபீஸ் இரும்புக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் பிஸ்கட் நிறத் தோலில் கிளிப் போட்ட இடமெல்லாம் நீலக் கறுப்புக் கறை. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சியதும் இந்த வித்தைதான். 1948-லிருந்து அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில், ஒருவரையும் கேட்காமல் நானே இதைக் கண்டுபிடித்தேன்.

செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கிய சொல்யூஷனைத் தடவி, ஒட்டியும் ஆயிற்று. கிளம்பி நின்ற ஒரு மூலைக்கு உடனடிப் பசை ஒரு சொட்டு விட்டேன். அதன் ஆவி பட்ட இடம் விபூதிப் பட்டையாக வெளுத்தது. கறையும் வெளுப்புமாக இருந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. தூரம் என்றால் எதிர்வீட்டு மாடி.

பொங்கலுக்கு மாமா வந்தார். குடும்பப் படம் எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? கடைசியில் ரோல் வாங்கினேன். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கேமராவை ஸ்டூல்மேல் வைத்து, செல்ஃப் டைமர் லீவரைத் திருகிவிட்டு ஓடிப்போய் நடுவில் நின்றேன். லீவர் கொஞ்ச தூரம் வந்து, என் 1.2 மில்லிமீட்டர் மாட்டுத்தோலில் இடித்து நின்றுவிட்டது. நாங்கள் சிரித்துக்கொண்டே நின்றோம். சின்னவளுக்குச் சிரிப்பு வலித்து அழுகை வந்தது. மாமா போய் கேமராவை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இத எதுக்குடா பர்ஸ் ஆக்கின?" என்றவர், தன் செல்போனை ஸ்டூலில் சாய்த்துவைத்து எடுத்தார். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

மாட்டுத்தோலை உரித்தாயிற்று. இப்போது யாஷிகா உடுத்தியிருப்பது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சீட் தைக்கிற கடையில் கிடைத்த மெல்லிய கறுப்பு ரெக்சின் துண்டு. ஒட்டியது இரட்டைப் பக்க டேப். இடதுபக்கம் நேர்த்தி. வலதுபக்கம் ஓரத்தில் நூலிழை அளவு உலோகம் தெரிகிறது. லீவர் தடையில்லாமல் ஓடுகிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால், ரெக்சின் உதிர்வதற்கு முன்பே மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துவிடுங்கள். தோல்தான் வேண்டுமென்றால் ஆட்டுத்தோல் லைனிங் கேளுங்கள், அரை எம்எம். தயவுசெய்து என்னிடம் மட்டும் கொண்டுவராதீர்கள். மிச்சத் தோல் ஒன்றரைச் சதுர அடி இருக்கிறது, கேட்டால் மறுக்கமாட்டேன்.