கோபத்துக்கு ஐந்து புள்ளி

என் மருமகன் கொழும்பில் மென்பொருள் பொறியியல் படிக்கிறான். கடைசி வருஷம். விடுமுறைக்குப் புத்தளம் வந்தவன் முன் விறாந்தையில் மேலும் கீழும் நடந்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். பிள்ளை குர்ஆன் ஓதுகிறானாக்கும் என்று ராத்தா சந்தோசப்பட்டா. கிட்டப் போய்க் காது கொடுத்தால், "பொதுமக்கள், வாடிக்கையாளரும் முதலாளியும், உற்பத்தி, தீர்மானம், முகாமை, தொழில், சகபாடிகள், தான்" என்று வாய்ப்பாடு சொல்கிறான்.

"இது என்ன மகன்?"

"எதிக்ஸ் மாமா. ஈசியான பாடம். எட்டையும் வரிசை பிசகாமல் எழுதினால் ஏ வரும்."

கணினித் துறையின் இரண்டு பெரிய சர்வதேசச் சங்கங்கள் சேர்ந்து 1999இல் எழுதிவைத்த ஒழுக்கக் கோவை அது. முதலாவது விதி பொதுமக்களின் நலன். முதலாளி அதற்குப் பிறகுதான் வருகிறார். பரீட்சை மண்டபத்தில் மட்டும்தான் முதலாளி இரண்டாவது இடத்தில் நிற்கிறார் போலும். 'தொழில் நேர்மை' என்ற தலைப்பில் ஓர் ஒப்படையும் கொடுத்திருக்கிறார்களாம். அதைச் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிட்டது. நேர்மையைப் பற்றி மிக நேர்த்தியாக எழுதியிருக்கிறது, குறை சொல்ல முடியாது.

வகுப்பில் என்ன உதாரணம் சொன்னார்கள் என்று கேட்டேன். தெராக்-25 என்றான். கனடாவில் செய்த கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிக் கதிர் பாய்ச்சியது, மென்பொருளில் பிழை. நல்ல உதாரணம். பிறகு அமெரிக்க விண்வெளி ஓடம், ஜெர்மன் கார். உலகத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"சிலாபம்?" என்றேன்.

"அது எதிக்ஸ் இல்லை மாமா. அது பொலிடிக்ஸ்."

அன்றைக்கு விழுங்கிய தேத்தண்ணீர் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்து மூன்று வாரம். சிலாபத்தில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பேஸ்புக்கில் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டார்: ரொம்பச் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய். எங்கள் உம்மாமார் குழந்தைகளுக்கு நாளுக்குப் பத்துத் தடவை சொல்லுகிற வார்த்தை. ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்குப் போகிற வழியில் அது அடுத்த குண்டுக்கான முன்னறிவித்தலாக மாறியது. கடைகளுக்குக் கல், பள்ளிவாசலுக்குக் கல், பிறகு ஊரடங்குச் சட்டம். மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை என்று பரவியது. அன்று மாலை, இதே புத்தளம் மாவட்டத்தில், நாத்தாண்டியாவுக்குக் கிட்டக் கொட்டாரமுல்லையில், தன் தச்சுப் பட்டறையில் இருந்த ஒரு மனிதரை வெட்டிக் கொன்றார்கள். அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. பொலிஸ் உடனடியாகச் செயற்பட்டது: அந்த ஒரு வரியை எழுதிய கடைக்காரரைக் கைதுசெய்தது.

சிலாபத்தில் மென்பொருள் கல்லெறிந்தது என்று சொன்னால் அது பொய். எறிந்தது ஆட்கள், அவர்களுக்குக் கை இருந்தது, கையில் கல் இருந்தது. ஆனால் பேஸ்புக்காரருக்கு இலங்கை புதினமான ஊர் அல்ல. ஒரு வருஷம் முன்பு, 2018 மார்ச்சில், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகன எரிந்தபோது, அவர்களைக் கைக்குழந்தை கூட மிச்சமில்லாமல் கொல்லச் சொன்ன சிங்களப் பதிவொன்றைப் பற்றி முறையிட்டார்கள். எங்கள் விதிகளை அது மீறவில்லை என்று பதில் வந்தது. விதி இருந்தது, முறைப்பாட்டுப் பொத்தான் இருந்தது, பதில் அனுப்புகிற பொறியும் இருந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆட்கள்தான் போதவில்லை. இலங்கையில் விளம்பரம் விற்கிறதற்கு அந்தக் குறை ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. 2018க்கான மன்னிப்பு 2020 மே மாதம் வந்தது, ஆய்வறிக்கை ஒன்றோடு சேர்த்து. திகனவுக்கு இரண்டு வருஷம் என்றால் சிலாபத்துக்கு எத்தனை என்று கணக்குப் போடுவதைப் பொறியியல் மாணவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கோபம் அதைவிட ஒரு சின்ன இலக்கத்தின் மேல். பேஸ்புக்கில் எந்தப் பதிவு யார் கண்ணில் முதலில் படவேண்டும் என்று தீர்மானிக்கிற கணக்கில், 2017இல் ஒரு லைக்குக்கு ஒரு புள்ளி, முகக்குறி ஒன்றுக்கு ஐந்து புள்ளி. கோபமுகத்துக்கும் ஐந்து. கோபமுகம் வாங்குகிற பதிவுகளில் பொய்யும் நஞ்சும் கூடுதலாக இருக்கிறது என்று அந்த நிறுவனத்தின் தரவு ஆய்வாளர்களே 2019இல் உறுதிப்படுத்தினார்கள். ஆம், சிலாபத்தின் அதே 2019. கடைசியில் 2020 செப்டெம்பரில்தான் கோபத்தின் பெறுமதியைப் பூச்சியமாக்கினார்கள். ஆக்கியதும் பொய் குறைந்தது, பாவனையோ குறையவில்லை. அதாவது ஒரு சதம் நட்டமில்லாமல் செய்யக்கூடியதைச் செய்ய அவர்களுக்கு மூன்று வருஷம் பிடித்தது. பிரான்சஸ் ஹோகன் என்ற பெண் உள் ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு 2021இல் வெளியே வந்திராவிட்டால் இதுவும் நமக்குத் தெரிந்திராது.

அந்த ஐந்தை ஒருவர் யோசித்தார், ஒருவர் தட்டச்சினார், ஒருவர் சரிபார்த்தார். எல்லோரும் பட்டதாரிகள். எட்டு விதியையும் வரிசை பிசகாமல் எழுதியவர்களாகத்தான் இருப்பார்கள்.

"கத்தியால் மீனும் வெட்டலாம், ஆளையும் வெட்டலாம் மாமா, கத்தி செய்தவன் என்ன பண்ணுவான்?" என்கிறான் மருமகன். இதையும் வகுப்பில்தான் படித்திருக்கிறான். புத்தளத்தில் இருந்துகொண்டு இதை என்னிடம் சொல்லலாமா? 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போ என்று புலிகள் விரட்டினார்கள். அதற்கு மென்பொருள் தேவைப்படவில்லை, ஒலிபெருக்கி போதுமாயிருந்தது. அப்படி வந்தவர்களால் நிறைந்த ஊர் இது. வெறுப்புக்குக் கணினி அவசியமில்லை என்று எங்களுக்கு யாரும் பாடமெடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஒலிபெருக்கியைச் செய்த கம்பனி, எவன் கத்தினால் கூட்டம் கூடும் என்று பார்த்துப் பார்த்து அவன் குரலை மட்டும் கூட்டிவிடவில்லை. கூட்டம் கூடியதைக் காட்டி விளம்பரமும் விற்கவில்லை. மகன், கத்தி செய்கிறவன் வேறு. சந்தையில் ஆத்திரத்தோடு நிற்கிறவனாகப் பார்த்துக் கத்தியை முதலில் நீட்டுகிறவன் வேறு.

வகுப்பில் சொன்ன அந்த ஜெர்மன் கார் விவகாரத்தில், புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளில் பங்குகொண்ட பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு அமெரிக்க நீதிமன்றம் 2017இல் 40 மாதச் சிறை கொடுத்தது. புகைக்கு 40 மாதம். கொட்டாரமுல்லைக்கு? அது பொலிடிக்ஸ்.

விரிவுரையாளர் பெருமக்களே, அடுத்த தவணை தெராக்-25க்கு ஒரு கிழமை லீவு கொடுங்கள். கனடாவுக்குப் போக விசா வேண்டும், நாத்தாண்டியாவுக்கு வேண்டாம். கடைசி வருஷப் பிள்ளைகளைக் கோட்டையில் புத்தளம் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வாருங்கள். வெண்ணப்புவ, மாரவில தாண்டினால் சிலாபம் தூரமில்லை. கடைத்தெருவில் இறக்கி, 2019இல் கல் விழுந்த கடைகளில் ஒன்றில் ஆளுக்கொரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுங்கள். ஐந்து என்ற இலக்கத்தைக் கடைக்காரருக்கு அவர்களே விளக்கட்டும். பஸ் காசு நான் தருகிறேன்.