நீங்க முப்பதுல போங்க, நான் அறுபதுல வாறேன்

வாய்யா மாப்ளே, உக்காரு. மனுவுல கையெழுத்தா? போடாம எங்க போகப் போறேன். திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுக்கப் போறீகளாக்கும். "பஸ் ஸ்டாண்டு முதல் பாலம் வரை வண்டிகள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது." எழுத்து முத்து முத்தா இருக்கு. அது கெடக்கட்டும், இந்த மனுவ எடுத்துக்கிட்டு பைக்குல வந்தியே ஒரு வரத்து, பெஞ்சுல இருந்த அம்புட்டுப் பேரும் காலத் தூக்கிக்கிட்டோமே, அது முப்பதுதானா?

கோவிச்சுக்காத. உன்ன மட்டும் சொல்லி என்ன செய்ய? முதக் கையெழுத்து மினி பஸ் முதலாளி. முன்னாடி போற வண்டிய முந்தலைன்னா, டைமிங் போச்சேன்னு டிரைவர் பரம்பரையையே இழுத்து வையிறவரு. அடுத்தது வாத்தியாரு. ஒம்பது இருபதுக்கு வீட்டவிட்டுக் கெளம்பி, ஒம்பதரை மணி அடிக்கிறதுக்குள்ள பத்து கிலோமீட்டர் தாண்டி பள்ளிக்கூடத்துல நிப்பாரு. கணக்கு வாத்தியாரு வேற!

நான் சொல்றதக் கேளு. வேகத்தக் கொறைக்கவே சொல்லாத. பஸ் ஸ்டாண்டுல இருந்து பாலம் ரெண்டு கிலோமீட்டரு. அறுபதுல போனா ரெண்டு நிமிசம், முப்பதுல போனா நாலு. மிச்சம் புடிச்ச ரெண்டு நிமிசத்துல ரயில்வே கேட்டுல மொத வரிசையில நிக்கலாமுல்ல? இந்தச் சேமிப்ப எந்த பேங்க்ல போடுறதுன்னுதான் தெரியல.

செலவுக் கணக்கும் இருக்கு. புள்ள குறுக்க ஓடுறதக் கண்ணு பாத்து, காலு பிரேக்குக்குப் போக ஒரு செகண்டு ஆகுதுன்னு வையி. அறுபதுல வாற வண்டி அதுக்குள்ளயே 16 மீட்டருக்கு மேல போயிரும். முப்பதுன்னா அதுல பாதி. பிரேக் புடிச்ச பெறகு இழுத்துக்கிட்டுப் போற தூரம் பாதிகூட இல்ல, நாலுல ஒரு பங்குதான். சந்தேகம்னா நம்ம வாத்தியாரக் கேளு, கரும்பலகையில பிசகில்லாமப் போடுவாரு.

சர்க்காரும் சும்மா இல்ல. ஊருக்குள்ள காருக்கு 70, பைக்குக்கு 60 வரைக்கும்னு டெல்லியில 2018-லயே எழுதி வச்சாக. சென்னையில 2023 நவம்பர்ல காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவுல 30-ன்னு போலீஸ் அறிவிச்சாக. சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணா சாலையில 60-ல போற மகராசன் இருந்தா சொல்லு, மாலைச் செலவு என்னோடது.

நம்மூருலயும்தான் போர்டு இருக்கு. 'மெதுவாகச் செல்லவும்'னு எழுதுனது. அதுமேல கண்ணீர் அஞ்சலி, அதுமேல காதணி விழா, அதுமேல வாழ்த்த வயதில்லாத தம்பிக நாலு பேரு கும்புட்டுக்கிட்டு நிக்கிறாக. இப்ப கண்ணுக்குத் தெரியிறது 'செல்லவும்' மட்டுந்தான். சனங்களும் செல்லுறாக.

வேகத்தடையோ தனிக் கத. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உசரம், 25 கிலோமீட்டர் வேகத்துல அலுங்காம ஏறி எறங்கணும்னு ரோடு காங்கிரஸ்காரக 1988-லயே அளவு போட்டு வச்சாக. (ஓட்டுக் கேக்குற காங்கிரஸ் இல்ல மாப்ளே, இது ரோடு போடுற இஞ்சினியருக சங்கம்.) நம்மூருல இருக்கறது உலக்கையக் குறுக்க படுக்கப் போட்டது மாதிரி. வெள்ளைக் கோடும் கெடையாது. ராத்திரி அதுல விழுந்து எந்திரிச்ச பெறகுதான் அது வேகத்தடைன்னே தெரியும். பெரிய மனுசரு யாராச்சும் வாராகன்னா, அதையும் மொத நாளே சொரண்டி எடுத்துருவாக. அவுக இடுப்பு நோகக் கூடாதுல்ல?

பேனாவக் குடு, போடுறேன். ஆனா ரெண்டு வரி சேத்து எழுது. போர்டு மட்டும் போதாது, பள்ளிக்கூட வாசல்ல அளவுப்படி வேகத்தடையும் இருட்டுலயும் தெரியிற பெயிண்டும் வேணும்னு கேளு. பெறகு, கையெழுத்துப் போட்ட அம்புட்டுப் பேரும் நாளைக் காலையில இருந்து முப்பதுலயே போங்க. உத்தரவு வரட்டும்னு காத்திருக்காதீக. வாத்தியார ஒம்பது மணிக்கே கெளம்பச் சொல்லு.