நெடுந்தொடர் – நீளம் – விளக்கம் கோருதல் – தொடர்பாக

பெறுநர்: நெடுந்தொடர்ப் பிரிவுத் தலைவர் அவர்கள், பெயர் குறிப்பிடத் தேவையில்லாத தமிழ்ச் சேனல், சென்னை.

பார்வை: திங்கள் முதல் சனி வரை, மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை.

ஐயா / அம்மா,

நெடுந்தொடர் என்பது, ஒரே வீட்டில் வசிக்கும் பன்னிரண்டு பேர் தங்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவதைக் காட்டும் கலை வடிவம். அந்த விஷயம் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். "மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு" என்பது ஒரு வாக்கியம். அதைச் சொல்ல யாராவது வாயெடுக்கும்போதெல்லாம் குக்கர் விசில் அடிக்கும், வாசலில் ஆள் வரும், சொல்ல வந்தவருக்கே மயக்கம் வரும். இந்த மயக்கத்தின் காரணத்தை மருத்துவ நூல்களில் தேடிப் பயனில்லை. எபிசோடு எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தக் கலை பிறக்கும்போது இப்படி இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள் வாரத்துக்கு ஒரு நாள் வந்தன; பதின்மூன்று வாரம் என்பது அன்றைய வழக்கமான அளவு. கே.பாலசந்தரின் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' எல்லாம் அந்தக் காலத்துப் பிள்ளைகள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் தனியார் சேனலுக்கு வந்த 'மர்மதேச'மும் வாரத் தொடரே. நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய அதன் 'விடாது கருப்பு' முடிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது; இன்றும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இருட்டில் குளம்பொலி கேட்டால் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் காத்திருந்தவர்கள் அந்த ஒரு வாரமும் கதையைத் தாங்களே யோசித்துப் பார்த்தார்கள். கொன்றது யார் என்று டீக்கடையிலும் பள்ளிக்கூட வேனிலும் சண்டை நடந்தது. தினத்தொடர் வந்து அந்த வேலையைப் பார்வையாளரிடமிருந்து வாங்கிக்கொண்டது.

1999இல் தொடங்கிய 'சித்தி' இரவுச் சாப்பாட்டு நேரத்தை மாற்றியது. 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்த 'கோலங்கள்' 1,533 பகுதிகள் ஓடியது. அது தொடங்கியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை, அது முடிந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்தது. குழந்தை ஆறு வகுப்புப் பாடங்களைப் படித்து முடித்திருந்தது. அதே அளவுக்குக் கதையில் விஷயம் நகர்ந்ததா என்பது ஆய்வுக்குரியது. 2014 முதல் 2022 வரை ஓடிய 'சந்திரலேகா' இரண்டாயிரத்தைத் தாண்டியது. நீளம் ஒரு காலத்தில் தொடரைக் குறை சொல்லும் சொல். இப்போது அதுவே வெற்றி விழாவுக்குக் கேக் வெட்டும் காரணம்.

நீட்டும் முறைகளில் முதன்மையானது முகம். கூடத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். மருமகள் கையிலிருந்து டம்ளர் கீழே விழுகிறது. கேமரா ஏழு முகங்களையும் வரிசையாகக் காட்டுகிறது, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல. பிறகு அதே ஏழு முகங்கள் இடி முழக்கத்துடன் ஒருமுறை, கருப்பு வெள்ளையில் ஒருமுறை. முகத்துக்கு மூன்று விநாடி வீதம் கணக்கிட்டால் மொத்தம் 63 விநாடி. டம்ளர் விழ ஒரு விநாடி கூட ஆகவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு நியாயமான பொருளாதாரம் இருப்பதை மறைப்பது முறையாகாது. சினிமாப் படப்பிடிப்பில் ஒரு நாள் முழுக்க உழைத்தால் இரண்டு மூன்று நிமிடக் காட்சி தேறும். தினத்தொடருக்கோ வாரத்துக்கு ஆறு நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டும். பங்களாவுக்கு வாடகை உண்டு, வெளியூருக்கு வண்டிச் செலவு உண்டு, வசனத்துக்கு எழுத்தாளர் வேண்டும். முகத்துக்கு வாடகை கிடையாது. ஆகவே தமிழ்த் தொடரில் அதிகம் பயன்படும் படப்பிடிப்புத் தளம் மாமியாரின் நெற்றிக்கும் தாடைக்கும் இடைப்பட்ட பகுதி.

வேறு விதமாகவும் எடுக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. திருமுருகனின் 'நாதஸ்வரம்' 2014 மார்ச்சில் தன் ஆயிரமாவது பகுதியை ஒரே ஷாட்டில், நேரடியாக, இருபத்து மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஒளிபரப்பிக் கின்னஸ் சாதனை படைத்தது. இருபத்து மூன்று நிமிடத்தில் இருபத்து மூன்று நிமிட அளவுக்குச் சம்பவம் நடக்க முடியும் என்பது அன்று உலக அளவில் நிரூபணமானது. அடுத்த நாளிலிருந்து சேனல்கள் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டன.

ஆள் மாற்றம் தனியே சொல்லத் தக்கது. முந்தின நாள் வரை ஒருவராக இருந்த அண்ணி, மறுநாள் இன்னொருவராக வந்து காபி கொடுக்கிறார். 'இவருக்குப் பதில் இவர்' என்ற அட்டை, கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. கணவன் திடுக்கிடுவதில்லை. டம்ளர் விழுந்ததற்கு மூன்று சுற்று அதிர்ந்த குடும்பம், மருமகளே மாறியதற்கு ஒரு சுற்றுகூட அதிர்வதில்லை. வீட்டிலிருக்கும் பாட்டிகள் இரண்டு நாள் "பழசு இதைவிட நல்லா அழும்" என்று முனகிவிட்டு, மூன்றாம் நாள் புதியவரை அதே பெயர் சொல்லித் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பார்வையாளரின் பெருந்தன்மைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திரைப்படங்களுக்கும் சேனல் இடம் தருகிறது, குறிப்பாகப் பண்டிகை நாட்களில். "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல் முறையாக" என்ற கம்பீரக் குரல் ஒலிக்கும்போது, அந்தப் படத்தை ஓடிடியில் வீட்டுப் பையன் கைப்பேசியிலேயே இரண்டு முறை பார்த்து முடித்திருப்பான். இரண்டரை மணி நேரப் படம் நான்கு மணி நேரம் ஓடும். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. பண்டிகை நாளின் மணி நேரம் எத்தனை நிமிடம் கொண்டது என்பதை விதிகள் சொல்லவில்லை போலும். 2012 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாட்டின்படி, படத்தில் நாயகன் பீடியைத் தொட்டாலே கீழே எச்சரிக்கை வரி ஓடுகிறது. நல்லதுதான். ஆனால் அதே சேனலில், அதே மாலையில், வில்லி பாலில் விஷம் கலக்கும்போது 'பாலில் விஷம் கலப்பது உடல்நலத்துக்குத் தீங்கானது' என்று ஒரு வரியும் வருவதில்லை. பீடியால் சாக நாளாகும். பால் வெள்ளிக்கிழமை எபிசோடிலேயே மேசைக்கு வந்துவிடுகிறது. (யாரும் குடிப்பதில்லை என்பது உண்மை. பூனை தட்டிவிடும்.)

இவ்வளவையும் ஏன் பார்க்கிறார்கள் என்று சேனல் கேட்கலாம். அதன் கையில் வியாழக்கிழமைதோறும் ரேட்டிங் என்ற விடை இருக்கிறது. நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் இருபது கோடிக்கு மேல். ரேட்டிங் எடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் மீட்டர் உள்ளவை ஐம்பதாயிரத்துச் சொச்சம். ஏறத்தாழ நாலாயிரம் வீட்டுக்கு ஒரு வீடு பேசுகிறது. அந்த வீடுகள் எவை என்பது ரகசியம், தொடர்களில்கூட இவ்வளவு நன்றாகக் காப்பாற்றப்படாத ரகசியம். பெட்டி எந்தச் சேனலில் ஓடுகிறது என்பதை மீட்டர் குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார் என்பதற்கு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் உண்டு. எப்படிப் பார்க்கிறார் என்பதற்குப் பொத்தான் இல்லை.

தமிழ் வீடுகளில் தொடர் பார்க்கும் முறை மீட்டருக்குத் தெரியாத ஒன்று. அவரைக்காய் நறுக்கியபடி பார்ப்பவர் உண்டு. பார்வை அவரைக்காயில், காது பெட்டியில். பக்கத்து அறையில் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒட்டுக் கேட்பவர் உண்டு. இவர் தொடரிலிருந்தே அந்தக் கலையைக் கற்றவர். பெரும்பான்மையோர் திட்டிக்கொண்டே பார்ப்பவர்கள். "ஏன்டி, போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன?" என்று கதாநாயகிக்கு யோசனை சொல்வார்கள். "இவனை எல்லாம் வாசல்லயே விடக் கூடாது" என்று தீர்ப்பு எழுதுவார்கள். விளம்பர இடைவேளையில் அடுத்த வாரக் கதையை முழுசாகச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ரசித்துப் பார்ப்பவரும், வேறு வழியில்லாமல் பார்ப்பவரும், திட்டித் தீர்ப்பவரும் வியாழக்கிழமைத் தாளில் ஒரே எண்ணாக வந்து நிற்கிறார்கள். அந்த எண்ணை மக்களின் ஆதரவு என்று படித்துத்தான் சேனல் இன்னும் நூறு எபிசோடுக்கு உத்தரவு போடுகிறது.

எனவே, ஆளுக்கொரு பொத்தானுடன் 'திட்டிக்கொண்டே பார்ப்பவர்' என்ற பொத்தானும் மீட்டரில் சேர்க்கப்படப் பரிந்துரைக்குமாறு கோரப்படுகிறது. அது பெரியதாகவும், ஓங்கி அடித்தாலும் உடையாததாகவும் இருப்பது நலம்.

இறுதியாக ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. இரவு எட்டு மணித் தொடரின் 212ஆம் பகுதியில், வீட்டின் கடைசித் தம்பி சார்ஜரை எடுத்து வருவதாகச் சொல்லி மாடிக்குப் போனார். இப்போது 640ஆம் பகுதி நடக்கிறது. இடையில் இரண்டு கல்யாணம், ஒரு சீமந்தம், சொத்துப் பிரிவினை எல்லாம் கீழ்த்தளத்தில் நடந்து முடிந்துவிட்டன. பெற்ற தாய் உட்பட வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. பதில் எழுதும்போது, அவர் கீழே இறங்கிவிட்டாரா என்பதை மட்டுமாவது தெரிவிக்க வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
மீட்டர் பொருத்தப்படாத ஒரு வீட்டார்